சோலையோரக் காட்டுப் பூவரசை அடையாளம் காண்பது எப்படி?

நீலகிரியிலும் பழனி மலையிலும் 1,500 மீட்டருக்கு மேல், புல்வெளியிலோ சோலை (மலைப் பள்ளங்களில் உள்ள அடர்ந்த காடு) ஓரத்திலோ முறுக்கிக்கொண்டு நிற்கும் மரம் காட்டுப் பூவரசு. ரோடோடெண்ட்ரான் என்றும் சொல்வார்கள். பனிக்காலத்தில் சிவக்கச் சிவக்கப் பூக்கும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். சோலையில் சில நாவல் இனங்கள் துளிர்க்கும்போது கொழுந்தே சிவந்திருக்கும். தொலைவிலிருந்து பார்த்தால் பூ என்றே தோன்றும்.

எப்போதும் இருப்பது இலைதான், அதிலிருந்து தொடங்குங்கள். இலைகள் கிளை நுனியில் நெருங்கியிருக்கும். தொட்டால் தோல் போலத் தடிப்பாக இருக்கும், விளிம்பில் பல் கிடையாது. இலையைத் திருப்பினால் அடிப்புறம் முழுவதும் பழுப்பு அல்லது துரு நிற மென்மயிர் அப்பியிருக்கும். அடிமரப் பட்டை தடித்து, ஆழமாக வெடித்திருக்கும்.

அதே மலையில் வளரும் தவிட்டுப்பழச் செடிக்கும் இலையடியில் மயிர் உண்டு. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் வரும். தவிட்டுப்பழத்தில் இலைகள் எதிரெதிராக இருக்கும். இலை நெடுக 3 நரம்புகள் ஓடும். இளஞ்சிவப்புப் பூவில் எண்ணி மாளாத மகரந்தத் தாள்கள். காட்டுப் பூவரசில் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்று, நடுநரம்பு ஒன்றே.

இனி பூ. பறிக்க வேண்டாம், பல இடங்கள் பாதுகாக்கப்பட்ட காடு. கீழே உதிர்ந்ததே போதும். மணி வடிவம், 5 மடல், 10 மகரந்தத் தாள்கள். 10 மடங்கு கைலென்ஸில் தாளின் நுனியைப் பாருங்கள்: மகரந்தப் பை நீளவாக்கில் பிளக்காமல், உச்சியில் இரண்டு சிறு துளைகளாகத் திறந்திருக்கும். ஊசி முனையால் துளையைத் தொட்டு மெல்ல இழுத்தால் மகரந்தம் ஒட்டும் இழையாக நீண்டு வரும். மரத்தை உறுதி செய்ய இதைவிட நல்ல சோதனை களத்தில் இல்லை. மழையில் நனைந்த பூவில் மகரந்தம் கழுவப்பட்டிருக்கும். புதிதாக விழுந்ததை எடுங்கள்.

உதிர்ந்த பூவுக்குள் சூற்பையை, அதாவது பின்னால் காயாகும் பகுதியை, தேடிப் பயனில்லை. அது காம்பிலேயே தங்கிவிடும். அதற்குப் பதில் மரத்தடியில் பழைய காய்களைப் பாருங்கள். மரம்போல் இறுகி, ஐந்துக்கு மேற்பட்ட பிளவுகளாக வெடித்திருக்கும்.

படம் எடுத்தால் முழு மரம், பட்டை, இலையின் இரு புறம், பூவின் முகமும் பக்கவாட்டும் வேண்டும். பூவை மட்டும் எடுத்த படத்தை வைத்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உயரத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இலையையோ பூவையோ மென்று பார்க்காதீர்கள், ரோடோடெண்ட்ரான் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி) நச்சு உண்டு.