உதவி செய்யத் தொடங்குகிறவர்களுக்கு: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

டிசம்பர் பிறந்ததும் எங்கள் சபை வாலிபர் பிள்ளைகள் ஏழைகளுக்கு உதவ வசூல் நோட்டும் கையுமாகக் கிளம்பிவிடுவார்கள். மனதாரச் செய்கிற பிள்ளைகள்தான். ஆனால் பத்து வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கணக்கு எழுது, ரசீது கொடு, வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தில் குறைக்காதே என்பதெல்லாம் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

பழையதைத் தள்ளிவிடுவது

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் பழைய துணி ரோட்டோரத்தில் குவிந்து கிடந்தது, எடுக்க ஆளில்லை. நீங்கள் உடுத்தக் கூசுகிறதை மூட்டை கட்டாதீர்கள்.

கூலியை இழுத்தடித்துவிட்டுத் தருமம் செய்வது

கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்கிறது வேதத்தில் லேவியராகமம் 19:13. அன்றைய கூலியை அன்றைக்கே கொடுங்கள்.

வாங்குகிறவரை எல்லார் முன்னாலும் நிறுத்துவது

இதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. நன்றாகப் படிக்கிற ஒரு பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் சேர்த்தோம். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறவர். பணம் சேர்ந்த சந்தோஷத்தில் ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம் அவனைப் பேர் சொல்லி முன்னால் கூப்பிட்டு, கவரைக் கையில் கொடுத்து, படம் எடுத்து, சபை வாட்ஸ்அப் குழுவிலும் போட்டோம். அவனோடு படிக்கிற பிள்ளைகளும் அந்தக் குழுவில் இருந்தார்கள். யோசனை என்னுடையது. அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "நீங்க செஞ்சது பெரிய உதவிதான் அண்ணாச்சி, பிள்ளைக்குத்தான் வெக்கமா இருக்குங்கான்" என்றார் அவன் அம்மா. அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உபாகமம் 24:10, 11-ஐ அதற்கப்புறம்தான் நிதானமாக வாசித்தேன். கடன் கொடுத்தவன் அடகு வாங்குவதற்காகக் கடன் வாங்கினவன் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், அவனே கொண்டுவந்து கொடுப்பான். அடகு கேட்க உரிமையுள்ளவனையே வாசலில் நிற்கச் சொல்கிறார் கர்த்தர். அப்படியிருக்க, ஓர் ஏழையின் முகத்தைப் படம் பிடித்து ஊருக்குக் காட்ட நமக்கு யார் அனுமதி தந்தது?

பணம் தந்தவர்களுக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்கிறார்கள். கல்லூரி ரசீதைக் கமிட்டியில் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது கட்டணத்தை நேரே கல்லூரிக் கணக்கில் கட்டிவிடுகிறோம், கவரே கிடையாது. எங்கள் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். எல்லார் வீட்டு அரிசியும் ஒன்றாகக் கலந்துவிடும், இன்னார் கொடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அப்படிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள்தான் போன டிசம்பரிலும் ஒரு விதவைத் தாயை அரிசிப் பையோடு பேனர் முன்னால் நிற்க வைத்து, "சிரிங்க பாட்டி" என்றார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கேட்காமலே வாங்கிக் கொடுப்பது

தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு வருடா வருடம் சேலை எடுத்துக் கொடுத்தோம். ஒருநாள் என்ன வேணும் பாட்டி என்று உட்கார்ந்து கேட்டால், கண்ணாடி உடைந்து ஆறு மாதமாகிறது, வேதம் வாசிக்க முடியவில்லை என்கிறார். பெட்டிக்குள் நாங்கள் கொடுத்த நான்கு சேலையும் மடிப்புக் கலையாமல் இருந்தன. இந்த வருடம் ஜவுளிக்கடைக்குப் போவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், நோட்டையும் கேமராவையும் வீட்டில் வைத்துவிட்டு.