பாண்டா தங்க நாணயம் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீன மக்கள் வங்கி 1982 முதல் வெளியிட்டுவரும் பாண்டா தங்க நாணயங்களைத் தேடி வாங்குவோர் பலர், உறை பிரியாமல் இருக்கிறதா, பெட்டியும் சான்றிதழும் உண்டா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். இந்த வரிசையே தவறு. பிளாஸ்டிக் உறையையும் அச்சிட்ட தாளையும் போலியாகச் செய்வது, நாணயத்தைப் போலியாகச் செய்வதைவிடப் பன்மடங்கு எளிது.

நாணயத்தில் முதலில் ஒப்பிட வேண்டியவை ஆண்டும் முகமதிப்பும் எடையும். 1982ஆம் ஆண்டு நாணயங்களில் முகமதிப்பே கிடையாது. 1983 முதல் 2000 வரை ஓர் அவுன்ஸ் (31.1 கிராம்) நாணயத்தின் முகமதிப்பு 100 யுவான். 2001இல் அது 500 யுவானாக உயர்ந்தது. 2016இல் அவுன்ஸ் கைவிடப்பட்டு, 30, 15, 8, 3, 1 கிராம் என்று எடைகள் மாறின. ஆனால் பெரிய நாணயத்தின் விட்டம் முன்போலவே 32 மில்லிமீட்டர். இதை அறியாதவர்கள் 2017ஆம் ஆண்டு நாணயம் 31.1 கிராம் இல்லையே என்று நல்லதைத் தள்ளிவிடுவதும், அதே ஆண்டைத் தாங்கி அவுன்ஸ் எனப் பொறிக்கப்பட்டதை நம்பி வாங்குவதும் நடக்கக்கூடியவையே. பாண்டா உருவம் ஆண்டுதோறும் மாறும் என்பது பொதுவிதி என்றாலும், 2001க்கும் 2002க்கும் ஒரே உருவம்தான் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எடை சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஓர் அவுன்ஸ் நாணயத்தைப் பித்தளையில் செய்து முலாம் பூசிய போலி, அளவு சரியாக இருந்தால் ஏறக்குறைய 14 கிராம்தான் இருக்கும். அதைத் தராசே காட்டிக்கொடுத்துவிடும். டங்ஸ்டன் அப்படியல்ல. தங்கத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம் என்றால் டங்ஸ்டனுடையது 19.25, எனவே டங்ஸ்டனை உள்ளே வைத்துத் தங்கத்தால் மூடியது தராசையும் நீரில் அமிழ்த்தும் சோதனையையும் தாண்டிவிடக்கூடும். நகைக்கடைகளில் தங்கத்தின் தூய்மையைக் காட்டும் காரட் மீட்டரும் மேற்பரப்பின் மெல்லிய படலத்தை மட்டுமே படிப்பதால், தடித்த தங்க உறைக்குள் இருப்பதை அது சொல்லாது. மின்கடத்துதிறனை அளக்கும் கருவியோ மீயொலிச் சோதனையோதான் உள்ளே எட்டிப்பார்க்கும். மின்கடத்துதிறன் கருவிகள் சிலவற்றால் உறையைப் பிரிக்காமலேயே அளக்க முடியும் என்பது சேகரிப்பாளருக்குப் பெரிய வசதி.

இத்தனை சோதனைகளிலும் தேறிவிடும் போலியும் உண்டு: உண்மையான தங்கத்திலேயே செய்யப்பட்டது. அரிய ஆண்டு நாணயம் தங்க விலையைவிடப் பலமடங்கு விற்கும்போது, சொக்கத் தங்கத்தைப் போட்டுச் செய்தாலும் மோசடிக்காரருக்கு லாபமே. அங்கே உலோகச் சோதனையால் பயனில்லை. பாண்டாவின் உரோமக் கோடுகள், மறுபக்கத்தில் உள்ள பெய்ஜிங் விண்ணகக் கோயிலின் கூரை வரிகள், எழுத்துகளின் விளிம்புக் கூர்மை ஆகியவற்றை, ஐயத்துக்கு இடமில்லாத அதே ஆண்டு நாணயத்தின் படத்தோடு உருப்பெருக்கியில் ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. மங்கிய கோடுகளும் பள்ளமான இடங்களில் நுண்ணிய மணிமணியான பரப்பும் தெரிந்தால், வாங்காமல் விடுவதே நல்லது.

இனி உறைக்கு வரலாம். பழைய பாண்டாக்கள் பல, வெப்பத்தால் ஒட்டிய மென்பிளாஸ்டிக் உறையிலேயே அச்சகத்திலிருந்து வந்தவை. அந்த உறையோடு கிடைப்பவற்றுக்குக் கூடுதல் விலை உண்டு. ஆகவே சோதிக்கும் ஆர்வத்தில் உறையை வெட்டிவிடக் கூடாது. அதே நேரம், ஒட்டுக்கோடு இரட்டையாகவோ கோணலாகவோ தெரிந்தால் மறுபடி ஒட்டியதாக இருக்கலாம். முதலீட்டுக்கென வெளியான பாண்டாக்கள் பொதுவாகத் தனிச் சான்றிதழ் இல்லாமலே வருபவை. எண்ணிட்ட சான்றிதழும் பெட்டியும் பெரும்பாலும் புரூஃப் எனப்படும், சேகரிப்பாளருக்கெனச் சிறப்பாக அச்சிட்ட நாணயங்களுக்கும் நினைவு நாணயங்களுக்கும் உரியவை. எனவே சாதாரணப் பாண்டாவோடு பளபளப்பான சான்றிதழ் ஒன்றை நீட்டினால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவதே பொருத்தம்.

நாணயங்களைச் சோதித்துத் தரமிடும் என்ஜிசி, பிசிஜிஎஸ் நிறுவனங்கள் மூடித் தரும் கெட்டி உறைகளைப் போலச் செய்த போலி உறைகளும் உள்ளன. உறையிலுள்ள எண்ணை அந்நிறுவனத்தின் தளத்தில் இட்டுப் பார்த்து, எண் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வது போதாது. உண்மை உறையின் எண்ணையே நகலெடுத்திருக்கலாம். ஆண்டும் தரமும் ஒத்துவர வேண்டும். தளத்தில் படம் இருந்தால் நாணயத்தின் கீறல்களும் பொருந்த வேண்டும்.

நாணயத்தில் சிறு செம்புள்ளிகள் தெரிந்தால் உடனே கலப்படம் என்று முடிவுகட்டுவதும் தவறு. 999 தூய்மையுள்ள தங்க நாணயங்களிலும், குறிப்பாகப் பாண்டாக்களில், அவை தோன்றுவதுண்டு. அவற்றைத் துணியால் தேய்த்துப் போக்க முயன்றால் மென்மையான தங்கப்பரப்பில் கீறல் விழும். சேகரிப்பாளர் சந்தையில் செம்புள்ளியைவிட அந்தக் கீறலே விலையை அதிகம் குறைக்கும்.