தாய்ப்பாலில் நச்சு என்று செய்தி வந்ததும் செய்யக்கூடாத தவறுகள்

2025 நவம்பரில் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வேகமாகச் சுற்றியது. பீகாரில் 40 தாய்மாரின் பாலைச் சோதித்தார்கள், அத்தனை பேரின் பாலிலும் யுரேனியம் இருந்தது என்று. என் அக்கா மகளுக்கு அப்போது கைக்குழந்தை. நள்ளிரவில் அதை எனக்கு அனுப்பி, "சித்தி, பால் கொடுக்கிறத நிறுத்திடட்டுமா?" என்று கேட்டிருந்தாள்.

அவளுக்கு வந்த செய்தியில் ஒரு வரி விடுபட்டிருந்தது. அந்த ஆய்வைச் செய்தவர்களே தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். கிடைத்த அதிகபட்ச அளவு லிட்டருக்கு 5.25 மைக்ரோகிராம். குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் அளவு 30. தண்ணீருக்கான வரம்பைப் பாலுக்கு அப்படியே பொருத்திவிட முடியாதுதான், ஆனாலும் எவ்வளவு என்பது ஓரளவு புரியும்.

பயந்துபோய்ப் பாலை நிறுத்துவதுதான் முதல் தவறு, எல்லாவற்றிலும் பெரிய தவறும் அதுதான். நிறுத்தினால் குழந்தைக்கு வேறு எதைக் கொடுப்போம்? பவுடர் பாலை. அதைக் கரைக்க அதே ஊர்த் தண்ணீர்தான் வேண்டும். நிலத்தடி நீரில் யுரேனியமோ ஆர்சனிக்கோ இருந்தால் கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். வங்கதேசத்தில் ஆர்சனிக் கலந்த கிணற்று நீரைக் குடித்த தாய்மாரிடம் செய்த ஆய்வில், அவர்கள் பாலுக்குள் மிகக் குறைவான ஆர்சனிக்தான் போயிருந்தது. அம்மாவின் உடம்பு அதில் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. பவுடர் பாலுக்கு அந்தத் தடுப்பு கிடையாது.

பிளாஸ்டிக் கதையும் இப்படித்தான். 2022-ல் இத்தாலியில் 34 தாய்மாரில் 26 பேரின் பாலில் நுண்பிளாஸ்டிக் கிடைத்தது என்று செய்தி வந்தபோது, புட்டிப்பாலுக்கு மாறலாமா என்று யோசித்தவர்கள் உண்டு. அதற்கு இரண்டு வருடம் முன்பே அயர்லாந்தின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பால் புட்டிகளைச் சோதித்திருந்தார்கள். சுடுநீரில் பால் கலக்கும்போது, லிட்டருக்கு 1.6 கோடி துகள்கள் வரை உதிர்கின்றன என்று கண்டார்கள்.

சரி, எப்போது பார்த்தாலும் ஏன் தாய்ப்பாலையே சோதிக்கிறார்கள்? டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, மின்மாற்றி எண்ணெயில் சேர்த்த பிசிபி, குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்சின் போன்றவை கொழுப்பில் கரைந்து உடம்பில் ஆண்டுக்கணக்கில் தங்குபவை. மனிதர் உடம்பின் கொழுப்பை ஊசி போடாமல், கத்தி வைக்காமல் எடுக்க எளிய வழி தாய்ப்பால்தான். அதனால்தான் இவற்றைக் கட்டுப்படுத்தப் பல நாடுகள் சேர்ந்து செய்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை இந்த நச்சுகளைக் கண்காணிக்கத் தாய்ப்பாலைத் தேர்ந்தெடுத்தது. அதே நச்சு அப்பாவின் கொழுப்பிலும் தாத்தாவின் கொழுப்பிலும் இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். அம்மாவின் பால் மட்டும் கெட்டுவிட்டது என்று எண்ணுவது இரண்டாவது தவறு. அந்த எண்ணத்தில் எத்தனை பெண்கள் தங்கள் உடம்பையே சந்தேகப்படத் தொடங்குகிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சுவீடனில் 1970-களிலிருந்து தாய்ப்பாலைத் தொடர்ந்து சோதிக்கிறார்கள். டிடிடி, பிசிபி இரண்டையும் கட்டுப்படுத்திய பிறகு பாலில் அவற்றின் அளவு பல மடங்கு இறங்கியது. அதே காலத்தில் மெத்தை, சோபா, மின்சாதனங்களில் தீப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த பிபிடிஇ என்ற ரசாயனம் ஏறக்குறைய ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே வந்தது. அந்த ஏற்றம் தெரிந்து, அதன் பயன்பாட்டைக் குறைத்ததும் அதுவும் இறங்கியது. அந்தத் தாய்மார் பாலூட்டுவதை நிறுத்தவில்லை. அரசாங்கம் ரசாயனத்தை நிறுத்தியது.

தனியார் லேபில் பாலைக் கொடுத்துச் சோதிப்பதும் வேண்டாம். ஜெர்மனியில் 2015-ல் 16 தாய்மாரின் பாலில் கிளைபோசேட் களைக்கொல்லி இருப்பதாகப் பெரிய பரபரப்பு. அந்நாட்டின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் பிறகு 114 மாதிரிகளை இரண்டு ஆய்வகங்களில், இன்னும் நுட்பமான முறையில் பார்க்க வைத்தது. ஒன்றில்கூட இல்லை. பயந்த தாய்மாருக்கு இடைப்பட்ட மாதங்களை யார் திருப்பித் தருவது?

"நச்சை வெளியேற்றுகிறேன்" என்று பட்டினி கிடப்பதும், பேறுகால எடையை ஒரே மாதத்தில் இறக்கப் பார்ப்பதும் நேர்மாறான வேலையைச் செய்யும். கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதில் தங்கியிருந்ததும் ரத்தத்துக்கு வந்து பாலுக்குள் போகும். எடை மெதுவாகவே குறையட்டும். பாலைப் பீய்ச்சிக் கொட்டினாலும் பயனில்லை, அடுத்து ஊறும் பாலும் அதே உடம்பிலிருந்துதான் வருகிறது.

கவனம் வைக்க வேண்டிய இடம் நம் அடுக்களை. நாம் அதிகம் அலட்சியப்படுத்துவதும் அதைத்தான்.

பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு ரசம் வைத்துக் கொடுப்போம். சில வீடுகளில் அது ஈயச் சொம்பில் வைத்தால்தான் ருசி. நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அதனால் கெடுதல் இல்லை. காரீயம் என்ற நச்சு உலோகம் கலந்துவிட்டால்தான் ஆபத்து, புளியும் தக்காளியும் அதைக் கரைத்து ரசத்துக்குள் இறக்கிவிடும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். எதில் செய்தது என்று நிச்சயமாகத் தெரியாத சொம்பை எடுத்து வைத்துவிட்டு, எவர்சில்வரில் ரசம் வையுங்கள். கடையில் விற்கும் சுர்மாவிலும் சில கண் மைகளிலும் காரீயம் உண்டு, அவையும் வேண்டாம். பேறுகால மருந்து என்ற பெயரில் எந்தப் பஸ்பமும் செந்தூரமும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது. பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், 14-ல் காரீயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாவது இருந்தது. சுக்கு, மிளகு, ஓமம் போட்டு வீட்டில் கிண்டும் லேகியத்தை நான் சொல்லவில்லை.

எப்போதோ உடம்புக்குள் போன காரீயம் எலும்பில் ஒளிந்திருக்கும். பாலூட்டும் காலத்தில் உடம்பு கால்சியத்துக்காக எலும்பைக் கரைக்கும்போது அதுவும் கூடவே வெளியே வரும். மெக்சிகோ நகரில் தாய்மாருக்குத் தினமும் 1200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்ததில், பாலில் காரீயம் சற்றுக் குறைந்தது. நமக்குக் கேழ்வரகு இருக்கிறது, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். பால், தயிர், முருங்கைக்கீரை எல்லாம் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் மீன். பால் ஊறும் என்று சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் வழக்கம். பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்ன அதன் உடம்பில் பாதரசம் சேரும். சுறாவும் வாள்மீனும் பாலூட்டும் தாய்க்கு வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்கிறது. குட்டியான பால் சுறாவில் குறைவாக இருக்கலாம், ஆனால் சந்தையில் துண்டு போட்டு விற்பது எந்தச் சுறா என்று யாருக்குத் தெரியும்? அதற்காக மீனையே விட்டுவிடுவது இன்னொரு தவறு. நெத்திலி, மத்தி, காரப்பொடி இருக்கின்றன, மலிவும்கூட.

வீட்டு வாசலில் பிளாஸ்டிக் குப்பையைக் கொளுத்தாதீர்கள், அந்தப் புகையில்தான் டையாக்சின் பிறக்கிறது. பேட்டரி உருக்கும் பட்டறையிலோ பூச்சிமருந்து தெளிக்கும் வேலையிலோ இருப்பவர் குளித்து உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும், அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

தாயே அப்படிப்பட்ட வேலையில் இருந்தால் பாலை அல்ல, ரத்தத்தைச் சோதிக்க வேண்டும். ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டருக்கு) 40 மைக்ரோகிராமைத் தொட்டால்தான், அது இறங்கும்வரை பாலூட்டலைத் தள்ளி வைக்கச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். அந்த முடிவை மருத்துவரோடு உட்கார்ந்து பேசி எடுங்கள், நள்ளிரவில் வந்த ஒரு ஃபார்வர்டை வைத்து எடுக்காதீர்கள்.