நீளமான கோப்பில் விட்ட இடத்தைத் தொலைக்க வைக்கும் தவறுகள்

கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றின் பெயர்களில் தொடங்கி மீன், வலை, தீவு என்று பாம்பன் கடற்கரைச் சொற்களை ஒருவர் ஒரே கோப்பில் தொகுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். சொல்லித்தரப் பெரியவர்கள் கிடைப்பார்கள். தடை முடிந்ததும் கோப்பு வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். மறுபடி திறந்தால் முதல் வரியில் வந்து நிற்கும். தேடுகிற நேரம் போனால் போகட்டும். பதிந்த சொல்லையே மறுபடி பதிவதும் பதியாததைத் தாண்டிப் போவதும்தான் பெரிய நட்டம்.

எடிட்டர், அதாவது கோப்பைத் திறந்து எழுதும் மென்பொருள், விட்ட இடத்தைத் தானாகவே நினைவில் வைக்கும் என்று நம்பியிருப்பது முதல் தவறு. நானோ, ஈமேக்ஸ் என்ற எடிட்டர்களில் அந்த வசதியை நாம்தான் இயக்க வேண்டும். இயக்கிவிட்டால் நானோ கடைசி 200 கோப்புகளின் இடத்தை வைத்திருக்கும். பலர் தடுமாறுவது விம் என்ற எடிட்டரில். 8ஆம் பதிப்பிலிருந்து, விட்ட இடத்துக்குத் தாவும் கட்டளை அதன் இயல்பு அமைப்பிலேயே இருக்கிறது. ஆனால் நமக்கென்று ஓர் அமைப்புக் கோப்பை (vimrc) உருவாக்கியதும் விம் அந்த இயல்பு அமைப்பைப் படிப்பதில்லை. நிறத்தை மாற்ற ஒரே வரி எழுதினாலும் இதுதான் நடக்கும். ஆகவே இயல்பு அமைப்பையும் படிக்கச் சொல்லும் வரியை உங்கள் கோப்பின் தொடக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இந்த மூன்று எடிட்டர்களும் இடத்தைக் கோப்புக்குள் எழுதுவதில்லை. கணினியில் தனிப் பதிவொன்றில், கோப்பு இருக்கும் முழுப் பாதையோடு குறித்து வைக்கின்றன. பெயரை மாற்றினாலும், பென் டிரைவில் கீழக்கரைக்குக் கொண்டுபோய் வேறு கணினியில் திறந்தாலும் அந்தக் குறிப்பு கூட வராது. ‘சொற்கள் புதியது’, ‘சொற்கள் கடைசி’ என்று நாளுக்கொரு பெயர் வைக்கும் பழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும். தேவையில்லாமல் ரூட் (கணினி நிர்வாகி) அனுமதியோடு விம்மைத் திறக்கவும் வேண்டாம். பதிவுக் கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாகிவிட்டால் பிறகு உங்கள் கணக்கிலிருந்து அதில் எழுத முடியாது.

ஐப்பசி, கார்த்திகையில் புயல் அடித்து மின்சாரம் போகும்போது இன்னொரு சிக்கல் வரும். விம் முறையாக வெளியேறும்போதுதான் இடத்தைப் பதிவில் எழுதும். கணினி சட்டென்று அணைந்தால் அன்றைய இடம் போய்விடும். வானம் கறுத்தால் சேமிப்பதோடு நிற்காமல் எடிட்டரை ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் எடிட்டர் நினைவில் வைப்பது ஓர் எண்ணைத்தான்: விம்மிலும் நானோவிலும் வரி எண், ஈமேக்ஸில் எத்தனையாவது எழுத்து என்பது. நண்பர் ஒருவர் வேறொரு கணினியில் மேலே நாற்பது மீன் பெயர்களைச் சேர்த்து அனுப்பினால், அதே எண்ணில் வேறு சொல் இருக்கும். அதனால் எடிட்டரை மட்டும் நம்பாமல், எழுதி முடிக்கும் இடத்தில் நீங்களே ஒரு குறி போடுங்கள் என்பேன். தொகுப்பில் வேறெங்கும் வராத குறியாக இருக்க வேண்டும். ‘@@@ சோழகம்: நம்புதாளையில் கேட்க வேண்டும்’ என்று அடுத்த வேலையையும் சேர்த்து எழுதினால் திறந்ததும் தேடி அங்கே போய்விடலாம். பழைய குறியை அழித்த பிறகே புதியதைப் போடுங்கள். மூன்று இடத்தில் ஒரே குறி கிடந்தால் பயனில்லை.

வேர்டில் எழுதுகிறவர்கள் விட்ட இடத்துக்குப் போக, கோப்பைத் திறந்ததும் ஷிஃப்ட்டோடு எஃப்5 விசையை அழுத்தினால் போதும். லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரிலும் அதே விசைதான். அங்கே அது வேலை செய்ய, விருப்பங்களில் பயனர் பெயரையும் நிரப்பி வையுங்கள்.