ஈ-விசா: கைக்கு வந்தபிறகு தெரியும் தவறுகள்

2023 நவம்பரில் திருச்சியிலிருந்து ஹோசிமின் நகரத்துக்கு நேரடி விமானம் தொடங்கியதும், வியட்நாம் நம்மூர்க்காரர்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 முதல், இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கும் ஈ-விசாவின் காலத்தையும் அந்த நாட்டில் 90 நாள்வரை நீட்டினார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை என்றால் 50. தூதரகத்துக்கு அலைய வேண்டாம், பாஸ்போர்ட்டைக் கொரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் உட்கார்ந்தபடியே முடிகிற வேலை. அவ்வளவு சுலபம் என்பதால்தான் பலரும் கவனமில்லாமல் நிரப்புகிறார்கள்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்கூடப் பரவாயில்லை, மறுபடி போட்டுக்கொள்ளலாம். தப்பான விவரத்தோடு அனுமதி கிடைப்பதுதான் பெரிய தலைவலி. நீங்கள் தட்டிய எழுத்து அப்படியே விசாவில் அச்சாகி வரும். அது தெரியவருவது விமான நிலையத்தில், செக்-இன் கவுன்ட்டரில், பெட்டியை எடைபோட வைத்தபிறகு. உரிய ஆவணம் இல்லாதவரை ஏற்றிக்கொண்டு போனால் திருப்பிக் கூட்டிவரும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில் விழும். பல நாடுகளில் அபராதமும் உண்டு. அதனால் அங்கே எழுத்து எழுத்தாகப் பார்ப்பார்கள். கெஞ்சிப் பயனில்லை.

முதலில் பெயர். தமிழர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஆதாரில் ‘முத்துக்குமார் எஸ்’, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் ‘செல்வராஜ்’, கொடுத்த பெயர் (கிவன் நேம்) இடத்தில் ‘முத்துக்குமார்’, விமான டிக்கெட்டில் மறுபடி ‘எஸ்’ என்று ஒரே ஆள் இடத்துக்கு ஒரு விதமாக இருப்பார். விசா விண்ணப்பத்துக்கு இதில் ஒன்றுதான் செல்லும்: பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படி. எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதே கட்டத்தில் அது. ‘அப்பா பெயர் எப்படிக் குடும்பப் பெயராகும்’ என்று நாமாகத் திருத்தி, இடம் மாற்றிப் போடக்கூடாது. டிக்கெட் எடுக்கும்போதும் இதே கணக்குதான்.

குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும் பாஸ்போர்ட் நம் பக்கத்தில் ஏராளம். இங்கே நாட்டுக்கு நாடு விதி மாறும். அமெரிக்க விண்ணப்பத்தில் அந்த ஒரே பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டு, மற்றொரு கட்டத்தில் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று எழுதச் சொல்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் கொண்ட பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, பிறகு பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது. ஆகவே கட்டம் காலியாக இருப்பவர்கள், ‘போன தடவை வேறு நாட்டுக்கு இப்படித்தான் போட்டேன்’ என்ற அனுபவத்தை நம்பாமல், போகிற நாட்டின் குறிப்பை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது. வெளிநாட்டுப் பயணம் அடிக்கடி இருக்கும் என்றால், பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே பெயரை இரண்டாகப் பிரித்துப் போட்டுக்கொள்வதுதான் என் கட்சி.

அப்புறம் பாஸ்போர்ட் எண். இந்தியப் பாஸ்போர்ட்டில் நாம் வழக்கமாகப் பார்ப்பது ஒரு ஆங்கில எழுத்து, அடுத்து ஏழு இலக்கம். அந்த முதல் எழுத்துக்குப்பின் வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஜ்யம்தான், ‘ஓ’ அல்ல. வாட்ஸப்பில் வந்த மங்கலான நகலைப் பார்த்து அடிக்காமல், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடியுங்கள். வழங்கிய தேதியையும் முடியும் தேதியையும் மாற்றிப் போடுவதும் சகஜம். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

தேதி விஷயத்தில் இன்னொரு சிக்கல், நள்ளிரவு விமானம். 15ஆம் தேதி 12.40 என்று டிக்கெட்டில் இருந்தால் 14ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இதில் குழம்பி, விசா தொடங்கும் நாளை 16 என்று போட்டுவிட்டால், 15 காலையில் போய் இறங்கும்போது விசா இன்னும் உயிர்பெற்றிருக்காது. கையில் விசா இருந்தாலும் அதன் தேதிக்கு முன் உள்ளே விடமாட்டார்கள். டிக்கெட்டைப் பார்த்து, அங்கே தரையிறங்கும் தேதியை எழுதுங்கள். எந்த வாயில் வழியாக நுழைகிறீர்கள் என்றும் வியட்நாம் கேட்கும். அந்தப் பட்டியலில் விமான நிலையங்களோடு சாலை எல்லைகளும் துறைமுகங்களும் சேர்ந்திருக்கும். டா நாங்குக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஹனோயைத் தேர்ந்தெடுத்து வைக்காதீர்கள்.

குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. வியட்நாம் படிவத்தில், உங்கள் பாஸ்போர்ட்டிலேயே சேர்க்கப்பட்ட 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விவரத்துக்கு ஒரு பகுதி இருக்கிறது. அதைப் பார்த்ததும் பிள்ளையின் பெயரை அங்கே எழுதி, ‘சரி, ஒரு கட்டணம் மிச்சம்’ என்று நினைத்துவிடுகிறார்கள். நம் குழந்தைகளுக்குத் தனிப் பாஸ்போர்ட். எனவே தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். கைக்குழந்தையாக இருந்தாலும் அப்படித்தான்.

ஹோசிமின் நகரத்திலிருந்து கம்போடியா போய் அங்கோர் வாட் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஊருக்கு விமானம் ஏறலாம் என்பது நல்ல திட்டம். ஆனால் 25 டாலர் விசா வியட்நாமை விட்டு வெளியேறியதுமே முடிந்துவிடும். திரும்பி நுழைய 50 டாலர் விசாதான் வேண்டும். கம்போடியாவுக்கு விசா தனி.

விண்ணப்பத்தில் ஏற்றும் உங்கள் படத்தில் மூக்குக்கண்ணாடி வேண்டாம், பின்னணி வெள்ளையாக இருக்கட்டும். பாஸ்போர்ட் பக்கத்தைப் படமெடுக்கும்போது அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகளும் முழுசாகத் தெரிய வேண்டும். அவற்றை வெட்டிவிட்டு ஏற்றுகிறவர்கள் அதிகம்.

எல்லாம் நிரப்பி, பணம் கட்டும் இடத்தில் சிலருக்குக் கார்டு வேலை செய்யாது. கார்டில் கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை. 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடித்தான் வரும். வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். பணம் கட்டுமுன் பதிவு எண்ணை எழுதி வையுங்கள். அதுவும், கொடுத்த மின்னஞ்சலும், பிறந்த தேதியும் இருந்தால்தான் பிறகு நிலவரம் பார்க்க முடியும். பிரவுசிங் சென்டரில் போட்டால் கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுவிடுவார். திருத்தம் கேட்டு வரும் கடிதம் அவருக்குப் போகும், அவர் பார்ப்பாரா என்பது உங்கள் அதிர்ஷ்டம். உங்கள் மின்னஞ்சலையே கொடுக்கச் சொல்லுங்கள்.

மூன்று வேலை நாளில் வந்துவிடும் என்பதை நம்பிக் கடைசி வாரத்தில் விண்ணப்பிக்காதீர்கள். சனி, ஞாயிறு கணக்கில் வராது. நம் பிள்ளைகளின் கோடை விடுமுறை தொடங்கும் நேரத்தில்தான் வியட்நாமில் ஏப்ரல் 30, மே 1 என்று தொடர்ந்து விடுமுறை. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் ‘டெட்’ என்ற வியட்நாமியப் புத்தாண்டுக்கு ஒரு வாரமாவது அலுவலகங்கள் மூடிக் கிடக்கும். இரண்டு மூன்று வாரம் முன்னதாகப் போட்டால் நிம்மதி.

போலித் தளங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வருவது பெரும்பாலும் தனியார் இடைத்தரகர் தளம். கொடி, முத்திரை எல்லாம் அரசுத் தளம் போலவே இருக்கும். கட்டணம் மட்டும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. முகவரியின் கடைசியைப் பாருங்கள்: வியட்நாமுக்கு ‘கவ் டாட் விஎன்’, இலங்கைக்கு ‘கவ் டாட் எல்கே’, இந்தோனேசியாவுக்கு ‘கோ டாட் ஐடி’. இதைவிடக் கொடுமை, இலவசமானதற்குப் பணம் வாங்குவது. தாய்லாந்து 2025 மே 1 முதல் கேட்கும் டிஜிட்டல் வருகை அட்டைக்கும், மலேசியாவின் அட்டைக்கும், சிங்கப்பூரின் அட்டைக்கும் ஒரு பைசா கட்டணமில்லை. மூன்றையும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். ஆனால் அவை விசா அல்ல. சிங்கப்பூர் அட்டையை நிரப்பிவிட்டு விசா முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்; இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா தனியாக வேண்டும், அதை அங்கீகரிக்கப்பட்ட முகவர் மூலம் வாங்க வேண்டும்.

விசா பிடிஎஃப் வந்ததும் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுவதற்கு முன், பாஸ்போர்ட்டைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்: பெயர், எண், பிறந்த தேதி, தொடங்கும் நாள், முடியும் நாள், எத்தனை முறை நுழையலாம் என்பது. தவறு இருந்தால் புதிதாக விண்ணப்பித்துவிடுவதுதான் பத்திரமான வழி. கட்டிய பணம் திரும்பாது. இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தாலும் பழைய எண்ணில் வாங்கிய ஈ-விசா செல்லாது. எல்லாம் சரியாக இருந்தால் ஆளுக்கு இரண்டு பிரதி அச்செடுத்து, ஒன்றைக் கைப்பையில் வையுங்கள். செக்-இன் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அங்கே இறங்கிக் குடியேற்றத்துறை வரிசையில் நிற்கும்போது உதவாது.