பழைய ஃபைபர் படகு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒகேனக்கல்லுக்குக் கீழே ஒட்டனூர், நாகமரைப் பக்கம் பரிசலை விட்டுவிட்டு மோட்டார் வைத்த ஃபைபர் படகுக்கு மாற நினைப்பவர்கள் அடிக்கடி என்னிடம் வருகிறார்கள். நான் ஃபைபர் வேலை செய்கிறவன். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் வாங்கிய பிறகுதான் வருகிறார்கள். புதுப் பெயிண்டைப் பார்த்து மயங்காதீர்கள், பேப்பரைச் சரிபாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்; விட்டுவிடுகிறேன்.

விற்பவர் கூட்டிவரும் ஆளை நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பென்னாகரம் பக்கத்து அண்ணன் தம்பி இருவர் கடற்கரை ஊர் ஒன்றில் படகு பார்த்தார்கள். "சர்வே எதற்கு? நம்ம ஆளே பார்த்துச் சொல்வார்" என்றாராம் விற்றவர். (சர்வே என்றால் வாங்கும் முன் படகைச் சோதித்துப் பார்ப்பது.) அந்த ஆளும் ஒரு சுற்று சுற்றிவிட்டு, "கல்லு மாதிரி இருக்குங்க" என்றிருக்கிறார். காசு கைமாறி, படகு லாரியில் வந்து இறங்கியது.

என்னிடம் வந்தபோது மோட்டாரின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். மோட்டார் மாட்டும் பின்பலகையும் கூடவே அசைந்தது. போல்ட் ஒன்றைக் கழற்றியதும் துளையிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் வழிந்தது. வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். துளை வழியாக ஈரம் இறங்கி பிளைவுட் மக்கிப்போயிருந்தது. பின்பக்க ஃபைபரை அறுத்து, மக்கிய பலகையைச் சுரண்டி எடுத்து, புதுப் பலகை வைத்து, மறுபடி கண்ணாடி இழைப் பாய் போட்டு ரெசின் ஊற்ற வேண்டியிருந்தது. மலிவாக வாங்கியதில் மிச்சமான காசு அதிலேயே போய்விட்டது, மீன் கிடைக்கும் மாதங்களும் சேர்த்து.

படகைச் சோதிக்கும் சர்வேயர் உங்கள் காசு வாங்கியவராக இருக்க வேண்டும். மரைன் சர்வேயர் தருமபுரியில் கிடைக்கமாட்டார். சென்னை, தூத்துக்குடி போன்ற துறைமுக ஊர்களில் விசாரியுங்கள். சின்னப் படகுக்கு அவ்வளவு கட்டுப்படியாகாது என்றால், விற்பவருக்குத் தெரியாத ஃபைபர் ஆள் ஒருவரையாவது கூட்டிப்போங்கள். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் அடிப்பாகம் முழுக்கத் தட்டினாலே பாதி தெரிந்துவிடும். கணீரென்று கேட்டால் சரி. தொப்பென்று கேட்கும் இடத்தில் ஃபைபர் அடுக்கு பிரிந்திருக்கலாம், ஈரம் ஊறியிருக்கலாம். என்ன பார்த்தாரோ அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேரம் பேசவும் அந்தத் தாள் உதவும்.

மோட்டாரைப் படகோடு சேர்த்துப் பார்ப்பது

படகு பார்க்கிறவர் வேறு, மோட்டார் பார்க்கிறவர் வேறு. கடலில் ஓடிய மோட்டாரில் தண்ணீர் ஓடும் வழியில் உப்பு படிந்திருக்கும். ஓடும்போது பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும், சொட்டினால் யோசியுங்கள். கியர் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்புறம், மெக்கானிக் வருவதற்குள் மோட்டாரைச் சூடாக்கி வைத்திருந்தால் ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.

கரையிலேயே பேரம் முடிப்பது

தண்ணீரில் இறக்காத படகுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

அரசுச் சான்றிதழே போதும் என்பது

2021-இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்கு ஆய்வும் பதிவும் கேட்கிறது. சான்றிதழ் வாங்கிய பிறகும் படகு பாறையில் மோதியிருக்கலாம். மேட்டூர் அணை நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில், மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலின் நந்தி சிலையே வெளியே தெரிகிறது. அடியில் இருக்கும் கல் தட்டாமலா போகும்?

பரிசலுக்கும் சர்வேயரா?

வேண்டாம். பரிசல் பின்னுகிற ஒருவரைக் கூட்டிப்போங்கள், மூங்கிலையும் தாரையும் அவரே பார்த்துக்கொள்வார்.