கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டால் போதுமா?

தனியார் வேலையில் இருக்கும் பெண்களுக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம் என்று 2017-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். (தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம், அவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.) 26 வாரம் என்றால் ஆறு மாதம். தாய்ப்பால் மட்டுமே போதும் என்ற காலம் முடிந்து, திட உணவு தொடங்க வேண்டிய அதே சமயத்தில் அம்மா அலுவலகம் திரும்பியாக வேண்டும். பிரசவத்துக்கு முன்பே சில வாரங்களை எடுத்துவிட்டவர்கள் அதற்கும் முன்னால் போயாக வேண்டும்.

நான் நடத்தும் குழந்தைகள் காப்பகத்துக்கு இந்த வயதில்தான் பலர் வந்து சேர்கிறார்கள். காலையில் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்து பார்ப்பது என் முதல் வேலை. வருடத்துக்கு வருடம் அம்மாக்கள் மாறுகிறார்கள், டப்பாவுக்குள் இருப்பது மாறுவதில்லை. என் மூத்த மகளுக்கு நான் கொடுத்தனுப்பிய அதே சாமான்கள். கை கழுவுங்கள், சூடு பாருங்கள், மீனில் முள் எடுங்கள் என்றெல்லாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. திட உணவு தொடங்கும்போது திரும்பத் திரும்ப நடக்கும் மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

பிஸ்கட்

சிந்தாது, சட்டையில் கறை பிடிக்காது, கைப்பையில் கிடந்தாலும் கெடாது, குழந்தையும் ஆசையாகக் கையை நீட்டி வாங்கிக்கொள்ளும். தானே எடுத்துச் சாப்பிடப் பழகட்டும் என்று முதன்முதலில் கையில் கொடுப்பதற்கு இதைவிட வசதியான பொருள் கிடையாது. அந்த வசதிதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எடையில் எது அதிகமோ அதையே முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. மைதா, சர்க்கரை, பாமாயில் என்றுதான் பெரும்பாலும் பட்டியல் தொடங்கும். சாதாரண இனிப்பு பிஸ்கட்டில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சகஜம். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலோ, 6 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளுக்குச் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளே கூடாது என்கிறது.

சர்க்கரையை விடுங்கள், வயிற்றில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று யோசியுங்கள். தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்து ஆறாம் மாதவாக்கில் தீர ஆரம்பிக்கிறது. அதை ஈடுகட்டப் பருப்பும் கீரையும் முட்டையும் மீனும் போக வேண்டிய அந்தச் சின்ன வயிற்றில், பாலில் நனைத்த நாலு பிஸ்கட் போய் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு சோற்றைக் காட்டினால் வாயைத் திறக்குமா? "குழந்தை எதையுமே சாப்பிட மாட்டேன் என்கிறது அக்கா, பிஸ்கட் மட்டுமாவது இறங்குகிறதே" என்பார்கள். அந்த பிஸ்கட் இறங்குவதால்தான் மற்றது இறங்கவில்லை.

பத்து மாதப் பாப்பா ஒருத்தி எங்களிடம் வந்தாள். இட்லியைத் தட்டில் வைத்தால் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாள். ஆனால் அறையின் அந்தக் கோடியில் யாராவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால், அந்தக் காகிதம் சரசரக்கும் சத்தத்துக்கு விளையாட்டை விட்டுத் தலையைத் திருப்புவாள். வாயைத் திறந்து பார்த்தால் மேலண்ணத்தில் காலையில் தின்ற பிஸ்கட் மாவுப் பசையாக அப்பியிருக்கும். அப்போதுதான் முளைத்திருந்த மேல் முன்பற்களின் ஓரத்திலும் அதே பசை. பால் பற்கள் சொத்தையாவதற்கு இதற்கு மேல் ஏற்பாடு வேண்டுமா? விழுந்து முளைக்கும் பல்தானே என்று சொல்பவர்கள், இரண்டரை வயதுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு பல் மருத்துவரின் நாற்காலி பக்கத்தில் ஒருமுறை நின்று பார்க்கட்டும்.

அவளை இட்லிக்குத் திருப்பப் பல வாரங்கள் ஆயின. வீட்டில் தாத்தா ரகசியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

இப்போது இதிலேயே நாகரிகமான வகைகள் வந்திருக்கின்றன. கேழ்வரகு பிஸ்கட், சிறுதானிய பிஸ்கட், "வெள்ளைச் சர்க்கரை சேர்க்காத" கருப்பட்டி பிஸ்கட். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பேரீச்சம்பழப் பாகு எல்லாம் அந்த வயதுக்குச் சர்க்கரைதான். பெயரும் நிறமும் பல்லுக்குத் தெரியாது. ரஸ்க் இன்னும் மோசம். ஓரம் உடைந்து கெட்டித் துண்டாகத் தொண்டைக்குப் போகும்.

இட்லியைப் பிய்த்துப் போடுவது

சிந்தாத உணவு நம் அடுப்படியிலேயே இருக்கிறது, வெட்டும் விதம்தான் தப்பு. ஆறேழு மாதக் குழந்தை முழு உள்ளங்கையால்தான் பிடிக்கும். பிய்த்துப் போட்ட சின்னத் துண்டு கைக்குள் போய் மறைந்துவிடும்; விரலைத் திறக்கத் தெரியாமல் கசக்கித் தரையில் உதறும். பெரியவர்களின் விரல் நீளத்துக்கு வெட்டுங்கள். பாதி கைக்குள்ளும் பாதி வெளியேயும் நிற்க வேண்டும். சுடச்சுட இட்லி உதிரும். ஆறிய இட்லிதான் கத்திக்கு வாகாக வெட்டுப்படும். ஒன்பது மாதவாக்கில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்க ஆரம்பிக்கும்போது சிறு துண்டுகளுக்கு மாறலாம்.

எனக்குப் பிடித்தது குழிப்பணியாரம். இட்லி மாவில் துருவிய கேரட்டையோ மசித்த பாசிப்பருப்பையோ கலந்து, குழிக்கு ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு மிதமான தீயில் சுடுங்கள். வெளித்தோல் கையில் ஒட்டாது, உள்ளே பல் இல்லாத ஈறுக்கும் நசுங்கும். முறுகவிடாமல் எடுத்து நாலாக நறுக்கினால் ஒரு துணுக்குகூட வீணாகாது. நன்றாக வேகவைத்த முட்டை ஆம்லெட் பட்டைகள், தோலோடு ஆவியில் வேகவைத்து உரித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, அவித்த நேந்திரம்பழம் ஆகியவையும் இந்த வரிசைதான். கொழுக்கட்டை என்றால் அரிசி ரவையில் செய்த பிடிகொழுக்கட்டை. பச்சரிசி மாவுக் கொழுக்கட்டை பசையாகத் திரண்டு தொண்டையில் நிற்கும்.

வாழைப்பழமும் மாம்பழமும் கைநழுவுகின்றன என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். துண்டுகளைப் பொட்டுக்கடலை மாவில் புரட்டுங்கள், பிடி கிடைத்துவிடும்.

கடிக்குக் கடி வாயைத் துடைப்பது

கடைசியில் ஒரு தரம் துடைத்தால் போதும். நாலு தடவை முகத்தில் துணி பட்டால் ஐந்தாவது தடவை தட்டையே தள்ளிவிடும். கீழே பழைய வேட்டி ஒன்றை விரித்துவிட்டு உங்கள் பாட்டுக்கு உட்காருங்கள்.

தேன்

ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். சேனை தொட்டு வைப்பதும் இதில் அடக்கம்.

பழச்சாறு

பழமாகக் கொடுங்கள்.

வாக்கரில் ஓடவிட்டு வாயில் திணிப்பது

உட்கார்ந்துதான். நிமிர்ந்துதான்.

உருண்டையும் கெட்டியும்

திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டுங்கள். முழு நிலக்கடலை, முழுக் கொண்டைக்கடலை, பச்சைக் கேரட், வேகவைக்காத ஆப்பிள் துண்டு எதுவும் வேண்டாம். கடலையைப் பொடித்து மாவில் கலக்கலாம், ஆப்பிளை வேகவைக்கலாம்.

பழகும்போது குழந்தை ஓங்கரிக்கும், முகம் சிவக்கும், இருமும். அது தானே வெளியே தள்ளுகிறது. பதறி வாய்க்குள் விரலை விடாதீர்கள், உள்ளே இருப்பதை இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். சத்தமே வராமல் மூச்சுக்குத் திணறினால்தான் அடைப்பு. ஒரு வயதுக்குக் கீழ் என்றால் தலை தாழ்ந்திருக்க முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வரவில்லை என்றால் மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து அழுத்து. மாறி மாறிச் செய்துகொண்டே இருக்க, இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இதைப் படித்துக் காட்டுவதோடு நிறுத்தாமல், ஒரு பொம்மையை வைத்துச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

மூக்கு வைத்த டம்ளரே கதி என்று இருப்பது

சாதாரணச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் அடியில் இரண்டு கரண்டி தண்ணீர் மட்டும் விட்டுக் கையில் கொடுங்கள். கவிழ்த்தால் கொட்டுவதும் அவ்வளவுதான். டப்பாவோடு அதையும் வைத்து அனுப்பினால் மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.